சூப்பர் ஹீரோவுக்கும் லைசென்ஸ் வேணும்!

திருக்கழுக்குன்றத்துக்காரர்களுக்கு சூப்பர் ஹீரோ கதையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாபத்தால் கழுகாகிப்போன முனிவர்கள். காலையில் கங்கையில் ஒரு முழுக்கு, ராமேஸ்வரத்தில் ஒரு தரிசனம், ராத்தங்கலுக்குச் சிதம்பரம். நடுவில் உச்சிவேளைக்கு வேதகிரி மலைமேல் இறங்கி, குருக்கள் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுப் போவார்கள். நாட்டையே தினம் ஒரு சுற்றுச் சுற்றுகிற இரண்டு பேர், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி மணி தவறாமல் வருவார்கள் என்பது இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. கதைதான் என்றாலும் பறவை நிஜம். மஞ்சள்முகப் பாறு என்ற இனம். இன்று ஐம்பது வயது தாண்டிய உள்ளூர்க்காரர் யாரைக் கேட்டாலும் பார்த்திருக்கிறேன் என்பார். 1990களோடு வரவு நின்றுபோனது. நாடு முழுக்கப் பாறு கழுகுகள் சரிந்த காலமும் அதுதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள்.

கழுகுகள் போய்விட்டன. ஆனால் அதே மலையைச் சுற்றியிருக்கும் வயல்வெளிகளில், ஏரிக்கரைகளில், தாழம்புதர்களில் இன்னும் சில சூப்பர் ஹீரோக்கள் நடமாடுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச, முதலில் ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2004இல் பிக்ஸார் நிறுவனம் வெளியிட்ட 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நீங்களும் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தபடி பாதி பார்த்திருப்பீர்கள். பிராட் பேர்ட் எழுதி இயக்கியது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. பொம்மை, மீன், பூச்சி என்று எடுத்துக்கொண்டிருந்த பிக்ஸார், முழுக்க முழுக்க மனிதர்களையே பாத்திரங்களாக வைத்து எடுத்த முதல் படம் அது. குழந்தைகளுக்கு அதில் ரப்பர் மாதிரி நீளும் அம்மாவும் மின்னலாய் ஓடும் பையனும் போதும். பெரியவர்களுக்கான கதை வேறு இடத்தில் இருக்கிறது.

கட்டடத்திலிருந்து குதித்துச் சாகப் போனவனைப் படத்தின் நாயகன் மிஸ்டர் இன்க்ரெடிபிள் காப்பாற்றுகிறார். காப்பாற்றப்பட்டவன், என்னை யார் காப்பாற்றச் சொன்னது என்று வழக்குப் போடுகிறான். கவிழவிருந்த ரயிலை நிறுத்தினால், அந்தக் குலுக்கலில் அடிபட்ட பயணிகளும் வழக்குப் போடுகிறார்கள். நஷ்டஈடு கொடுத்து மாளாத அரசாங்கம் ஒரே முடிவாக சூப்பர் ஹீரோ வேலையையே தடை செய்துவிடுகிறது. இனி எல்லோரும் பெயரை மறைத்து, ஊரோடு ஊராகச் சாதாரண மனிதர்களாக வாழவேண்டும். பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால், மலையைத் தூக்கும் மனிதர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தோள் கொள்ளாத சின்னத் தடுப்பறைக்குள் உட்கார்ந்து பாலிசி காகிதம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஒருவனை அடித்துப் பிடுங்குகிறார்கள். போய் உதவினால் வேலை போய்விடும் என்கிறார் மேனேஜர். மகன் பள்ளி விளையாட்டுப் போட்டியில்கூட ஓடக்கூடாது. வேகம் தெரிந்துவிடுமே.

திறமை இருக்கிறது, தேவையும் இருக்கிறது, சட்டம் மட்டும் இடமில்லை என்கிறது. இது அமெரிக்கக் கற்பனை என்று நினைத்தால் தவறு. இதே கதை செங்கல்பட்டு மாவட்டத்தில் நிஜமாக நடந்தது. அந்தக் கதையின் ஆண்டு 1972.

தடை வந்த வருஷம்

1972 தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சூப்பர் ஹீரோ கிடைத்த வருஷமும்கூட. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மாயாவியின் கதை பிரிட்டிஷ் சரக்கு. தமிழில் வந்தபிறகு நம்மூர்க்காரராகவே ஆகிவிட்டார்.

அதே வருஷம் நாடாளுமன்றம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தேவையான சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சட்டம் இறங்கிய இடங்களில் ஒன்று இருளர் பழங்குடியினரின் குடிசை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளில் வாழும் இருளர்களில் பலருக்கு அன்றைய பிழைப்பு பாம்புத் தோல். பாம்பைப் பிடித்து தோல் வியாபாரியிடம் கொடுத்தால் சில்லறை கிடைக்கும். அது தோல் பதனிடும் ஆலை வழியாக வெளிநாட்டுக் கைப்பையாகவும் செருப்பாகவும் ஆகும். லட்சக்கணக்கில் தோல் ஏற்றுமதியாயிற்று. லாபம் பார்த்தது வியாபாரியும் ஏற்றுமதியாளரும். பிடித்தவருக்குக் கிடைத்தது சொற்பம். சட்டம் வந்தது, 1976இல் தோல் ஏற்றுமதியும் நின்றது. வியாபாரி வேறு சரக்குக்கு மாறிவிட்டார். பிடித்தவர் எதற்கு மாறுவார்? நேற்றுவரை தொழிலாக இருந்தது ஒரே கையெழுத்தில் குற்றமாகிவிட்டது. இன்க்ரெடிபிள் குடும்பத்துக்காவது அரசாங்கம் ஒரு வீடும் ஒரு வேலையும் பார்த்துக் கொடுத்தது. இங்கே விறகு வெட்டும் வேலையும் அரிசி ஆலையும் செங்கல் சூளையும் காத்திருந்தன. பல குடும்பங்கள் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாய்ச் சிக்கிய இடங்களும் அவைதான்.

இந்த இடத்தில்தான் ரோமுலஸ் விட்டேக்கர் வருகிறார். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த பாம்பு ஆராய்ச்சியாளர். சென்னைப் பாம்புப் பண்ணையையும், 1976இல் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கியவர். பாம்பைப் பற்றித் தான் கற்றதில் பெரும்பகுதி இருளர்களிடம் கற்றது என்று அவரே சொல்லியிருக்கிறார். தோலுக்காகப் பாம்பைக் கொல்லத்தானே தடை? கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்தால்? 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் பதிவானது. உரிமம், அனுமதி என்று அலைந்து, 1980களின் தொடக்கத்தில் விஷம் எடுக்கும் வேலை தொடங்கியது. தலைமறைவாய் இருந்த திறமைக்கு மறுபடி ஓர் அடையாள அட்டை கிடைத்தது.

பானைக்குள் ஒரு மாதம்

மாமல்லபுரத்திலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே போனால் வடநெம்மேலி. முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே சங்கத்தின் இடம் தனியாக இருக்கிறது. தரைமட்டத்துக்குக் கீழே ஒரு தொட்டி போன்ற அமைப்பு; சுற்றி நின்று பார்க்கலாம். உள்ளே வரிசை வரிசையாக மண்பானைகள். பாதிக்கு மணல், வாயில் பருத்தித் துணி, கழுத்தில் கயிற்றுக்கட்டு. ஒரு கரும்பலகையில் எந்தப் பாம்பு எத்தனை என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் யார் வீட்டிலோ விதைநெல் சேமித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

பானை ஒவ்வொன்றிலும் இருப்பது நான்கு இனங்களில் ஒன்று: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த நால்வர் அணிதான். வேலை செய்பவர் கையில் ஒரு கொக்கிக் கம்பி. காலில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கட்டை அவிழ்த்து, பானையைச் சாய்த்து, வெளியே வரும் பாம்பைக் கம்பியால் தாங்கி, தலைக்குப் பின்னால் விரலால் பிடிக்கிறார். அழுத்திப் பிடித்தால் பாம்புக்கு ஆகாது. தளர்ந்தால் இவருக்கு ஆகாது. மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் வாயை வைத்ததும் பல் சவ்வைத் துளைக்கிறது. மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு விஷம் குடுவைச் சுவரில் வழிகிறது. நல்ல பாம்பு கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கும். கட்டுவிரியனும் சுருட்டையும் சொட்டுக் கணக்கு. ஆளைக் கொல்ல அந்தச் சொட்டே போதும்.

ஒவ்வொரு பாம்பும் மூன்று நான்கு வாரம்தான் பானையில் இருக்கும். வாரம் ஒரு தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் வைத்து மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் எதற்கு? அதே பாம்பு மறுபடி கைக்கு வந்தால் தெரியவேண்டும் அல்லவா. எடுத்த விஷம் உறைநிலையில் உலர்த்தப்பட்டுத் தூளாகிறது. அதை மருந்து நிறுவனங்கள் வாங்கி, குதிரைகளுக்கு மிகச்சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகின்றன. குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துச் சுத்திகரித்தால் அதுதான் விஷமுறிவு மருந்து. நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே குப்பி. ராஜஸ்தானில் கடிபட்டவருக்கும் ஒடிசாவில் கடிபட்டவருக்கும் ஏற்றும் மருந்தின் மூலச்சரக்கில் பெரும்பங்கு இந்தக் கடற்கரைச் சாலைப் பானைகளிலிருந்து போனது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் வயல், பெரும்பாலும் மழைக்காலம். இந்தக் கணக்கு இன்னும் பெரிதாகாமல் தடுத்தவர்கள் பட்டியலில் டாக்டர்கள் இருக்கிறார்கள், 108 வண்டி ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், குதிரைகள்கூட இருக்கின்றன. பட்டியலின் முதல் வரியில் ஒரு கடப்பாரையும் ஒரு துணிப்பையும் எடுத்துக்கொண்டு விடிகாலையில் வரப்பில் நடந்துபோன ஆள் இருக்கிறார்.

அந்த நடையைக் கூடப் போய்ப் பார்த்தால்தான் புரியும். நமக்கு அது வரப்பு. அவருக்கு அது எழுதிவைத்த காகிதம். வளை வாயில் சிலந்தி வலை கலையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. வாய் வழவழப்பாக இருந்தால் போக்குவரத்து இருக்கிறது. புழுதியில் செதில் பதிந்த தடம், காய்ந்த எச்சம், உரித்துப்போட்ட சட்டையின் முனை. போனது எது, எந்தப் பக்கம், இன்றா நேற்றா? எல்லாவற்றுக்கும் அதில் பதில் உண்டு. பிறகு கடப்பாரை. எலி வளையாக இருந்தால் எலியும், எலி சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். பல வீடுகளில் அந்த நெல்தான் அன்றைய சோறு. இந்த வேலைக்குக் கணவனும் மனைவியுமாய்ப் போவதுண்டு, பிள்ளைகளும் பின்னாலேயே போவதுண்டு. பெண்களில் கைதேர்ந்த பாம்புபிடிகாரர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு சாகசம் என்று பிக்ஸார் கண்டுபிடித்துக் கொண்டாடிய விஷயம் இங்கே வாரநாள் வேலை.

தீவிலிருந்து வந்த அழைப்பு

படத்தில் மிஸ்டர் இன்க்ரெடிபிளுக்கு ஒருநாள் ரகசிய அழைப்பு வருகிறது. தூரத்துத் தீவு ஒன்றில், யாராலும் அடக்க முடியாத ஒரு ராட்சத ரோபோ. வந்து அடக்கித்தர வேண்டும், நல்ல சம்பளம்.

2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு விமானம் ஏறினார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி, முயல், ரக்கூன் என்று அகப்பட்டதையெல்லாம் விழுங்கித் தீர்த்துக்கொண்டிருந்தன. ஆசைக்கு வளர்த்து, தப்பியும் தப்பவிட்டும் காட்டுக்குள் போனவற்றின் வாரிசுகள். முந்தைய ஆண்டு பரிசு அறிவித்து நடத்திய மலைப்பாம்பு வேட்டைப் போட்டியில் ஆயிரம் பேருக்கு மேல் இறங்கி, ஒரு மாதத்தில் 106 பாம்புகள்தான் பிடித்தார்கள். நம்மவர்கள் இருவரும் போன இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். அதில் நான்கு, கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் இடிபாடுகளில். ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. தீவு, ஏவுகணைத் தளம், ராட்சத ஜந்து. திரைக்கதை எழுதுகிறவர் இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தயாரிப்பாளர் நம்பமாட்டார்.

உள்ளூர் வேட்டைக்காரர்கள் வண்டியில் சாலையோரமும் கரையோரமும் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் நேராக அடர்ந்த புதருக்குள் நுழைந்தார்கள். மொழி தெரியாது, ஊர் தெரியாது, அந்தப் பாம்பினமும் நம்மூரில் இல்லாதது. புழுதியும் எச்சமும் புல் மடிந்த விதமும் எங்கேயும் ஒரே மொழிதான் பேசுகின்றன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இங்கேதான் எனக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு சண்டை இருக்கிறது. இன்க்ரெடிபிள் குடும்பத்துக்குச் சக்தி பிறவியிலேயே வந்தது. தொட்டில் குழந்தை ஜாக்-ஜாக் உட்பட யாரும் உட்கார்ந்து கற்கவில்லை. சக்தியில்லாத ஒருவன் மூளையைக் கசக்கிக் கருவிகள் செய்து அவர்களுக்குச் சமமாக வரப் பார்த்தால், அவன்தான் வில்லன். பிறந்தவன் ஹீரோ, கற்றவன் வில்லன். அழகான படத்தின் அழகில்லாத மூலை அது.

இருளர்களைப் பற்றிப் பேசும்போது நாமும் அதே தவற்றைச் செய்கிறோம். "அவங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்கு." பாராட்டுபோலத்தான் இருக்கும். ஆனால் ரத்தத்தில் இருப்பதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? மூச்சு விடுவதற்குச் சம்பளம் உண்டா? ஒரு சர்ஜன் கத்தி பிடிப்பதை யாரும் ரத்தம் என்று சொல்வதில்லை. படிப்பு என்கிறோம், அனுபவம் என்கிறோம், ஃபீஸ் கட்டுகிறோம். தாத்தன் பின்னால் பத்து வருஷம் வரப்பில் நடந்து கற்றதும் படிப்புதான். அந்தப் பத்து வருஷ நடை அறுந்தால் வித்தையும் அறுந்துவிடும். அப்பா செங்கல் சூளையிலும் அம்மா கட்டட வேலையிலும் இருக்கும் வீட்டில் பிள்ளை எந்த வரப்பில், யார் பின்னால் நடப்பான்?

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் வாங்களேன்" என்று ஆள் ஓடும். பாம்பு பைக்குள் போனபின் அதே வாய் "இந்தா, வாங்கிட்டுப் போ" என்று ஒருமைக்கு இறங்கும். 'ஜெய் பீம்' படத்தில் ராசாக்கண்ணுவைப் பாம்பு பிடிக்கத்தான் பெரிய வீட்டுக்கு அழைப்பார்கள். பிறகு நகை காணாமல் போனதும் அவர்மேல்தான் சந்தேகம் விழும். அந்தப் படத்துக்கு அடிப்படையான 1993 வழக்கில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தவர் என்பது வேறு விஷயம். ஆபத்தில் அழைத்து, ஆபத்து நீங்கியதும் சந்தேகப்படுவது இருளர் வாழ்விலும் கற்பனை இல்லை.

சங்கத்தில் உறுப்பினர்கள் 350 பேர் அளவில். பாம்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் கூலி. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை உச்சவரம்பு வைக்கிறது; அனுமதி வந்த பிறகே பையை எடுக்கலாம். வரம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாம்பும் வாழவேண்டும், வயலில் எலியைக் குறைப்பது அதுதான். ஆனால் அனுமதிக் காகிதம் மேசைக்கு மேசை நகரும் நாட்களில் இந்தக் குடும்பங்கள் எதைச் சாப்பிடும் என்பதும் அந்தக் கோப்பில் ஒரு பத்தியாக இருக்கவேண்டும். இன்னொரு காகிதமும் இருக்கிறது: பழங்குடிச் சான்றிதழ். அரசு தன் பட்டியலில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளில் ஒன்றாக இருளரை வைத்திருக்கிறது. அதே அரசின் அலுவலகத்தில், நீ இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிட்டு அலையவேண்டியிருக்கிறது.

அவர்கள் யார் என்று பார்க்க ஆசைப்படுகிறவர் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் போதும். முதல்நாளே பல மாவட்டத்து இருளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து, கழி நட்டுப் புடவை கட்டிக் கூடாரம் போட்டிருப்பார்கள். விடியலில் ஈரமணலைக் குவித்து ஏழு படி கட்டி, பூவும் தேங்காயும் பழமும் வைத்துக் கன்னியம்மனை அழைப்பார்கள். சாமி வந்து குறி சொல்லும். பெண் பார்ப்பது, நிச்சயம், தாலி, குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த மணலிலேயே. வெயில் ஏறுவதற்குள் கூட்டம் கலையத் தொடங்கும். பல்லவர் சிற்பம் பார்க்க வருகிற டூரிஸ்ட் பஸ்கள் அதற்குப் பிறகுதான் வந்து நிற்கும்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கைக்குரிய நோயாக்கியது. ஒவ்வொரு கடியும் இனி கணக்கில் வரவேண்டும். 2030க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாக்குவது மத்திய அரசின் செயல்திட்டம். அதற்கு நல்ல விஷமுறிவு மருந்து வேண்டும். ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஒரு வட்டாரத்து விஷத்தில் செய்த மருந்து எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற மாநிலங்களிலும் இப்படி விஷச் சேகரிப்பு மையங்கள் வரவேண்டும் என்றால், அங்கே கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் வேண்டும். அவர்கள் வடநெம்மேலியில் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு, பாம்புக்கு இவ்வளவு என்றில்லாமல், மாதச் சம்பளமும் பயிற்றுநர் என்ற பதவிப்பெயரும் போட்டு ஓர் உத்தரவு போடுவதில் அரசுக்கு என்ன தடை?

வாசகருக்கு இரண்டு வேண்டுகோள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கைகாலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அடுத்தமுறை பிள்ளைகளோடு மாமல்லபுரம் போகும்போது வடநெம்மேலியில் வண்டியை நிறுத்துங்கள். சங்கத்தின் விஷம் எடுக்கும் காட்சிக்குத் தனி டிக்கெட் உண்டு. அதையும் வாங்குங்கள்.